சிறுநீரகத்தில் சிறு கட்டி: ஊசி பயாப்ஸியைத் தொடக்கம் முதல் அறிக்கை வரை சரியாகச் செய்வது எப்படி

சிறுநீரகத்தில் 4 செ.மீ.-க்கு மிகாத, கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) ஏறும் திடக் கட்டிகளுக்கு ஊசி பயாப்ஸி செய்யக் கற்றுக்கொள்ளும் மருத்துவர்களுக்காக இது எழுதப்பட்டது. ரேடியாலஜி, யூராலஜி இரு தரப்பினருக்கும் பொருந்தும். முதல் சில பயாப்ஸிகளை அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். பயாப்ஸிக்குச் செல்லும் நோயாளியும் இதைப் படிக்கலாம். 1, 4, 10, 11, 12 ஆகிய பகுதிகள் அவருக்கு உதவும்.

புதியவர்கள் ஊசி குத்துவதைத்தான் கடினமான வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் விடை தராமல் போகும் பயாப்ஸிகளில் பல, ஊசி தோலைத் தொடும் முன்போ, திசு வெளியே வந்த பிறகோதான் கெட்டுப்போகின்றன.

1. முதல் கேள்வி: விடை வந்தால் என்ன செய்வீர்கள்?

கோரிக்கைப் படிவம் கைக்கு வந்ததும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். ‘புற்றுநோய் என்று வந்தால் இது செய்வோம். தீங்கற்றது என்று வந்தால் அது செய்வோம்.’ இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்தால் பயாப்ஸி தேவையில்லை.

அறுவை செய்து எடுத்த சிறு கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. அளவு சிறுத்தால் இந்த விகிதம் இன்னும் கூடும். பெரும்பாலும் ஆங்கோசைட்டோமா, அல்லது கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமையோலிப்போமா. படத்தை மட்டும் வைத்து இவற்றைப் புற்றுநோயிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடிவதில்லை. பயாப்ஸிக்கு இடமே இங்குதான்.

தெளிவாகப் பயன் தரும் சூழல்கள்: வேறு உறுப்பில் புற்றுநோய் இருந்து, சிறுநீரகக் கட்டி அதன் பரவலோ என்ற சந்தேகம்; லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்றுநோய்) சந்தேகம்; தொற்றால் வந்த வீக்கமோ என்ற ஐயம்; கட்டியை உறையவைத்தோ சுட்டோ அழிக்கப் போகும் நிலை; கண்காணிப்பில் வைப்பதா வேண்டாமா என்ற தயக்கம்; ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்.

பயன் தராத சூழல்கள் இரண்டு. வயதும் மற்ற நோய்களும் கூடி, என்ன விடை வந்தாலும் சிகிச்சை எடுக்கப் போவதில்லை என்று முடிவானவர் ஒருவர். ‘தீங்கற்றது’ என்று வந்தாலும் சிறு சந்தேகத்தோடு வாழ முடியாது, எடுத்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்பவர் இன்னொருவர். இவர்களுக்கு ஊசி குத்துவது ஆபத்தை மட்டும் சேர்க்கும்.

கட்டியை அழிக்கும் சிகிச்சை திட்டமிட்டிருந்தால் பயாப்ஸியைத் தனி நாளில் முன்பே முடியுங்கள். ஒரே அமர்வில் பயாப்ஸியும் அழிப்பும் செய்தால், அறிக்கை வரும்போது தீங்கற்ற கட்டியை அழித்திருப்பது தெரியவரலாம். அப்போது அந்த விடையால் யாருக்கும் பயனில்லை.

2. படங்களை நீங்களே மறுபடி பாருங்கள்

ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியை நம்பி மேசைக்குப் போகாதீர்கள். கான்ட்ராஸ்ட் ஏற்றும் முன்பும் பின்பும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்து, கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

கொழுப்பு: கான்ட்ராஸ்ட் இல்லாத மெல்லிய சிடி வெட்டுகளில் கட்டிக்குள் மைனஸ் 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு (சிடியில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் எண்) கீழ் உள்ள இடம் தெரிந்தால், அது ஏறக்குறைய எப்போதும் ஆஞ்சியோமையோலிப்போமா. பயாப்ஸி வேண்டாம். 5 மி.மீ. தடிமன் வெட்டுகளில் சிறு கொழுப்புத் திட்டு மறைந்துவிடும் என்பதால்தான் மெல்லிய வெட்டு.

உண்மையிலேயே திடக் கட்டியா: கான்ட்ராஸ்டுக்குப் பின் 20 அலகுக்கு மேல் உயர்ந்தால் ஏறுகிறது என்று கொள்ளலாம். 10 முதல் 20 வரை உயர்வது ஐயத்துக்குரியது, அப்போது எம்.ஆர்.ஐ. அல்லது கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் பார்த்த பிறகே முடிவு. கான்ட்ராஸ்ட் இல்லாமலே 70 அலகுக்கு மேல் ஒரே சீராகத் தெரிவது பெரும்பாலும் ரத்தமோ புரதமோ நிறைந்த நீர்க்கட்டி.

நீர்க்கட்டி: பயாப்ஸி ஊசிக்கு நீர்க்கட்டி நல்ல இலக்கல்ல. சுவரிலிருந்து செல் கிடைப்பது அரிது; கிடைக்காததால் ‘புற்றுநோய் இல்லை’ என்றும் சொல்ல முடியாது. உள்ளே தெளிவான திட முடிச்சு இருந்தால் மட்டும் அந்த முடிச்சைக் குறிவைக்கலாம்.

பொய்க் கட்டி: சிறுநீரகப் புறணியின் ஒரு பகுதி உள்ளே துருத்தி நின்றால் கட்டிபோலத் தெரியும். எல்லாக் கட்டங்களிலும் சுற்றியுள்ள திசுவைப் போலவே ஏறினால், அது சாதாரணச் சிறுநீரகம்தான்.

ரத்தக்குழாய் வீக்கம்: பெருந்தமனி எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பிரகாசமாக ஏறும் உருண்டையில் ஊசி விடும் முன் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) வைத்துப் பாருங்கள். இதைத் தவறவிட்டால் விளைவு மேசையிலேயே தெரியும்.

மேல்முனைக் கட்டி: சிறுநீரகத்திலிருந்துதான் புறப்படுகிறதா, அதன் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்தா? அட்ரீனல் என்ற ஐயம் சிறிதும் இருந்தால் ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் பார்க்காமல் குத்தக் கூடாது. ஃபியோக்ரோமோசைட்டோமாவில் (அட்ரினலின் போன்றவற்றைச் சுரக்கும் அட்ரீனல் கட்டி) ஊசி பட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாவும்.

சிறுநீர் சேரும் குழிக்குள்ளிருந்து வளரும் கட்டி: சிறுநீர்ப்பாதைப் புறச்செல் புற்றுநோயோ என்று தோன்றினால் தோல் வழியாக ஊசி விடுவதை முதல் வழியாக எடுக்காதீர்கள். ஊசித் தடத்தில் புற்றுச் செல் சிந்தும் அபாயம் இந்த வகையில் கூடுதல். சிறுநீர் சைட்டாலஜியும் (சிறுநீரில் புற்றுச் செல் தேடுவது) யூரிட்டரோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பாதை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) முதலில்.

3. ரத்தம், மருந்துப் பட்டியல், சிறுநீர்

சிறுநீரக பயாப்ஸி ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ள செயல்முறைகளின் வரிசையில் வருகிறது. காரணம் எளிது: ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு, வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க முடியாத ஆழம்.

தேவையானவை: ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதை அளக்கும் எண்), கிரியேட்டினின், ரத்த வகை, சிறுநீர்ப் பரிசோதனை. தட்டணு 50,000-க்கு மேலும் ஐ.என்.ஆர். 1.5-க்கு உள்ளேயும் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருப்பது நல்லது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் கசிந்த நோயாளிகளில் அழுத்தம் கட்டுப்படாதவர்களை அடிக்கடி காணலாம். ஆகவே காலை ரத்த அழுத்த மாத்திரையை ‘வெறும் வயிறு’ என்ற காரணத்துக்காக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தை இளக்கும் மருந்துகளை நிறுத்தும் கால அளவு: வார்ஃபரின் 5 நாள், க்ளோபிடோக்ரெல் 5 நாள், ஆஸ்பிரின் 3 முதல் 5 நாள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் வகையில் குறைந்தது 2 நாள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு 3 நாள் அல்லது அதற்கு மேல். சிகிச்சை அளவில் போடும் எனாக்ஸபாரின் ஊசி 24 மணி நேரம். இதய ஸ்டென்ட், செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இந்த எண்களைத் தானாகப் பின்பற்ற வேண்டாம். நிறுத்துவதா என்பதை இதய மருத்துவர் சொல்ல வேண்டும். அவசரமில்லாத ஒரு பயாப்ஸிக்காக ஸ்டென்ட் அடைபட்டால் அது நியாயப்படுத்த முடியாத இழப்பு.

‘வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மூட்டுவலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகைச் சூரணம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரில் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். தொற்றே கட்டிபோலத் தெரியும் நிலையும் உண்டு; காய்ச்சலும் இடுப்பு வலியும் உள்ளவருக்கு மருந்து கொடுத்துச் சில வாரங்கள் கழித்துப் படம் எடுத்தால் ‘கட்டி’ கரைந்திருக்கலாம்.

4. ஒப்புதல் வாங்கும்போது சொல்ல வேண்டிய எண்கள்

‘சின்ன ஊசிதான், பயப்படாதீர்கள்’ என்பது ஒப்புதல் ஆகாது. நான்கு செய்திகளை நோயாளி புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

முதலாவது, விடை கிடைக்காமல் போகலாம். 2016-ல் வெளியான, 57 ஆய்வுகளையும் 5,228 நோயாளிகளையும் சேர்த்த தொகுப்பாய்வில் பயாப்ஸி விடை தந்த விகிதம் சராசரியாக 92 சதவீதம். அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவர் மறுபடி வர வேண்டியிருக்கலாம். கட்டி சிறுத்தால் விடை கிடைக்காமல் போகும் வாய்ப்பு இன்னும் கூடும்.

இரண்டாவது, ரத்தக்கசிவு. சிறுநீரகத்தைச் சுற்றிச் சிறிது ரத்தம் தேங்குவது ஸ்கேனில் பலருக்கும் தெரியும். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குப் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

மூன்றாவது, ஒரு நாள் வரை சிறுநீர் சிவக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது அரிது. மேல்முனைக் கட்டிகளில்தான் அதற்கு இடமுண்டு.

நான்காவது, எல்லாரும் மனத்தில் வைத்து வாய்விட்டுக் கேட்காதது: ‘ஊசி பட்டால் புற்று பரவுமா?’ கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஊசித் தடத்தில் செல் சிந்தி வளர்வது மிக அரிது. மருத்துவ இதழ்களில் தனித்தனி நிகழ்வுகளாகப் பதிவாகியுள்ளது, பாப்பிலரி என்ற சிறுநீரகப் புற்று வகையில் ஒப்பளவில் கூடுதலாக. வெளி உறை ஊசி (வெட்டும் ஊசி உள்ளே போய்வரும் குழல்) வழியாகத் திசு எடுப்பது இந்த அபாயத்தைக் குறைக்கவும்தான். ‘அப்படி நடக்கவே நடக்காது’ என்று சொல்லாதீர்கள்.

5. பாதையைத் தேர்ந்தெடுத்தல்

அல்ட்ராசவுண்டில் கட்டி தெளிவாகத் தெரிந்தால் அல்ட்ராசவுண்டையே எடுங்கள். ஊசி முனை நகர்வதை அந்தந்த நொடியில் பார்க்கலாம், கதிர்வீச்சும் இல்லை. ஆழமான, முன்பக்கம் உள்ள, மேல்முனையில் ஒளிந்த, அல்லது பருத்த உடலில் மங்கலாகத் தெரியும் கட்டிகளுக்கு சிடி. பயாப்ஸி நாளுக்கு முன்பே ஒருமுறை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து முடிவெடுத்தால் அன்றைய நாளின் குழப்பம் பாதி குறையும்.

படுக்கை நிலையைப் பலர் யோசிப்பதே இல்லை. குப்புறப் போடச் சொல்லிவிடுகிறார்கள். குப்புறப் படுப்பது சரியான தொடக்கம்தான். ஆனால் கட்டி உள்ள பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அந்தப் பக்க நுரையீரல் குறைவாக விரியும். மூச்சோடு சிறுநீரகம் மேலும் கீழும் போவதும் குறையும், நுரையீரலைச் சுற்றிய உறையும் வழியிலிருந்து விலகும். மேல்முனைக் கட்டிகளுக்கு இது நல்ல தந்திரம்.

பழைய சிடியில் நோயாளி மல்லாந்து படுத்திருந்தார் என்பதை மறக்காதீர்கள். குப்புறப் படுத்ததும் பெருங்குடல் இடம் மாறும். சிலருக்குச் சிறுநீரகத்தின் பின்னாலேயே வந்து நிற்கும். பாதையைப் பழைய படத்தில் அளந்துவைத்து அப்படியே குத்துவது பெருந்தவறு. படுக்கவைத்த நிலையில் புதிதாகப் படம் எடுத்து அளக்க வேண்டும்.

பாதை எப்படி இருக்க வேண்டும்: கூடியவரை 12-வது விலாவுக்குக் கீழே, விலாக்களுக்கு இடையில்தான் போக வேண்டும் என்றால் கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி, ஏனென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் விலாவின் கீழ்விளிம்பில் ஓடுகின்றன. ஊசி நேர்கோட்டில் இன்னும் 2 செ.மீ. போனால் எதில் முட்டும் என்று பாருங்கள். சிறுநீரகப் பெருங்குழாய்கள் நுழையும் வாய்ப்பகுதி அந்தக் கோட்டில் இருந்தால் கோணத்தை மாற்றுங்கள்.

இப்போது ஓர் அளவை எழுதிக்கொள்ளுங்கள்: ஊசி போகும் திசையில் கட்டியின் குறுக்களவு. அறிக்கையில் உள்ள அளவு மிகப்பெரிய விட்டம். ஊசி அந்த விட்டத்தில் போகப் போவதில்லை. 25 மி.மீ. என்று எழுதிய கட்டியில் உங்கள் பாதைக்குக் கிடைப்பது 14 மி.மீ. மட்டுமாக இருக்கலாம். அடுத்த படி முழுதும் இந்த எண்ணை நம்பியிருக்கிறது.

6. மேசையில் எடுத்துவைக்க வேண்டியவை

- 17 கேஜ் வெளி உறை ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெலிது). அதற்குள் பொருந்தும் 18 கேஜ் வெட்டும் ஊசி. இரண்டின் நீளமும் ஒன்றுக்கொன்று ஏற்றதா என்று பாக்கெட்டைப் பிரிக்கும் முன் பாருங்கள்.
- மரக்கவைக்கும் மருந்தான 1 சதவீத லிடோகெயின் 10 மி.லி. (இதில் 100 மி.கி. மருந்து உள்ளது, அட்ரினலின் சேராத லிடோகெயினுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி.)
- திசுவைப் பதப்படுத்தும் 10 சதவீத ஃபார்மலின் புட்டி இரண்டு, பெயர் ஒட்டியது.
- உப்புநீர் உள்ள புட்டி ஒன்று. லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் இது கட்டாயம். தொற்று சந்தேகத்துக்குக் கிருமிநீக்கிய வெற்றுப் புட்டி.
- உப்புநீரில் நனைத்த லென்ஸ் தாள்.

வெட்டும் ஊசி எவ்வளவு தூரம் பாயும் என்பதை மேசையிலேயே சரிபாருங்கள். 10 மி.மீ., 20 மி.மீ. என்று இரு அளவு வைக்க முடிகிற கருவிகள் உண்டு. முழுத் தானியங்கிக் கருவியில் பொத்தானை அழுத்தியதும் முனை முன்னோக்கிப் பாயும். அரைத் தானியங்கியில் உள்கம்பியை நீங்களே கையால் கட்டிக்குள் தள்ளி, அதன் பள்ளம் கட்டிக்குள் இருப்பதைப் படத்தில் உறுதிசெய்த பின், வெட்டும் உறை மட்டும் பாய்ந்து மூடும். முனை அதற்கு மேல் போகாது. 2 செ.மீ.-க்குக் குறைந்த கட்டிக்கும், பின்னால் பெரிய குழாய் உள்ள கட்டிக்கும் அரைத் தானியங்கியே பொருத்தம்.

7. மரக்கவைப்பதும் ஊசியை இலக்கில் நிறுத்துவதும்

முதலில் மூச்சுப் பயிற்சி. ‘ஆழமாக இழுத்து நிறுத்துங்கள்’ என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஆழம் வரும். சிறுநீரகம் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். ‘சாதாரணமாக மூச்சை விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்’ என்பதே நன்றாக மறுபடி மறுபடி வரும். மூன்று முறை பழக்குங்கள். தூக்க மருந்து தேவைப்பட்டால் குறைந்த அளவில். அரைத்தூக்கத்தில் இருப்பவர் மூச்சை நிறுத்தமாட்டார்.

லிடோகெயினைத் தோலில் சிறிது, தசையில் சிறிது, மீதியைச் சிறுநீரக உறையை ஒட்டிப் போடுங்கள். வலி மிகுதியாகத் தெரியும் இடங்கள் தோலும் உறையும்தான். தோலிலேயே 8 மி.லி.-யைத் தீர்த்துவிட்டு உறையில் குத்தினால் நோயாளி துள்ளுவார், இலக்கு நகரும். காற்றுக்குமிழ் கலந்து போட்டால் அல்ட்ராசவுண்டில் கட்டியே மறைந்துவிடும். சிரிஞ்சைத் தட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள்.

இரண்டு நிமிடம் காத்திருங்கள். அவசரத்தில் அதிகம் விட்டுப்போகும் படி இது.

வெளி உறை ஊசியைத் தசை வரை மூச்சு எப்படியிருந்தாலும் கொண்டுபோகலாம். சிறுநீரகத்துக்குள் நுழையும்போது மட்டும் நிறுத்திய மூச்சில். ஊசி சிறுநீரகத்தில் குத்தியபின் அதைக் கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். மூச்சோடு ஊசியும் ஆட விடுங்கள். பிடித்தால் சிறுநீரக உறை கிழிந்து ரத்தம் கசியும்.

உறை ஊசியின் முனை கட்டியின் உங்கள் பக்க விளிம்பில் நிற்க வேண்டும், நடுவில் அல்ல. அடிக்கடி பார்க்கும் பிழை: 14 மி.மீ. பாதையுள்ள கட்டியின் நடுவில் முனையை வைத்து 20 மி.மீ. பாய்ச்சுவது. முதல் 7 மி.மீ. கட்டி, மீதி எல்லாம் நல்ல சிறுநீரகம். அதுவும் ஊசி முனையின் முதல் சில மி.மீ. திசு பிடிக்காத கூர்ப்பகுதி. அறிக்கையில் ‘சாதாரணச் சிறுநீரகத் திசு’ என்று வரும்; கட்டியைத் தாண்டி எடுத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

பாய்ச்சும் முன் ஒரு படம், பாய்ச்சிய பின் ஊசி உள்ளே இருக்கும்போதே ஒரு படம் எடுத்துச் சேமியுங்கள். விடை கிடைக்காதபோது அடுத்தவர் இந்தப் படத்தைத்தான் தேடுவார்.

8. எத்தனை துண்டு, எங்கிருந்து

நுண்ணூசியால் செல்லை உறிஞ்சுவது மட்டும் போதாது. துண்டு துண்டாகத் திசு வேண்டும். குறைந்தது இரண்டு, உடையாத, ஒவ்வொன்றும் 10 மி.மீ.-க்கு மேல் நீளமான துண்டுகள். சிறு கட்டியில் ஒன்று ஓரத்திலிருந்து, ஒன்று நடுவிலிருந்து. பெரிய கட்டியில் நடு அழுகியிருக்கும் என்பதால் ஓரம்.

வெளி உறை ஊசியின் வசதியே அதன் பொறியும்கூட. மறுபடி மறுபடி அதே துளைக்குள் போனால் இரண்டாம் துண்டில் முதல் துளையில் தேங்கிய ரத்தம்தான் வரும். ஒவ்வொரு முறையும் உறை ஊசியைச் சிறிது சாயுங்கள், அல்லது வெட்டும் ஊசியின் பள்ளம் நோக்கும் திசையைக் கால்வட்டம் திருப்புங்கள்.

துண்டுகளுக்கு இடையில் உறை ஊசிக்குள் அதன் உள்கம்பியைப் போட்டு மூடிவையுங்கள். திறந்துவிட்டால் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும், காற்றும் புகும்.

திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் பேத்தாலஜி மருத்துவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கண்ணால் பாருங்கள்: வெளிறிய அல்லது மஞ்சள் நிறக் கெட்டித்துண்டு நம்பிக்கை தரும், உடைந்து மிதக்கும் சிவப்புத் துணுக்கு தராது. ஐந்தாறு துண்டுக்கு மேல் போவதால் ரத்தக்கசிவுதான் கூடும்.

9. ஊசியிலிருந்து புட்டிக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நன்றாக எடுத்த துண்டைக் கெடுப்பது மிக எளிது.

உலர்ந்த துணி மேல் துண்டை வைக்காதீர்கள். ஈரத்தைத் துணி உறிஞ்சி ஓரம் காயும், இழையில் ஒட்டி உடையும். நனைத்த லென்ஸ் தாளில் வையுங்கள். சாமணத்தால் நசுக்கி எடுக்காமல் ஊசிப் பள்ளத்திலிருந்து வழுக்கி இறக்குங்கள். நசுங்கிய செல்லில் உட்கருவின் தோற்றம் போய்விடும். புற்று எவ்வளவு தீவிரமானது என்று தரம் பிரிப்பது அந்தத் தோற்றத்தை வைத்துத்தான்.

முழுவதையும் ஃபார்மலினில் போடும் முன் ஒரு நொடி யோசியுங்கள். லிம்ஃபோமாவாக இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் பரிசோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும். ஒரு துண்டு உப்புநீரில் போக வேண்டும், அன்றே ஆய்வகம் சேர வேண்டும். தொற்றாக இருந்தால் கல்ச்சருக்கு ஒரு துண்டு, ஃபார்மலின் படாமல். ஃபார்மலினில் போட்டபின் இந்த இரண்டுக்கும் வழியில்லை.

துண்டுகளை இரண்டு புட்டியாகப் பிரியுங்கள். ஆய்வகத்தில் அவை இரண்டு மெழுகுக் கட்டிகளாகும். ஒன்றைச் செதுக்கிச் செதுக்கிச் சாயம் போட்டுத் தீர்த்துவிட்டாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

கோரிக்கைத் தாளில் எழுத வேண்டியவை: கட்டியின் அளவு, எந்தப் பக்கம், எந்த முனை, கான்ட்ராஸ்ட் எப்படி ஏறியது, பழைய புற்றுநோய் வரலாறு, குடும்பத்தில் சிறுநீரகக் கட்டி உண்டா. ‘கிட்னி பயாப்ஸி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், நெஃப்ரிட்டிஸ் (சிறுநீரக அழற்சி) பார்க்கும் முறையில் துண்டைப் பிரித்துவிடும் ஆய்வகங்களும் உண்டு. ‘சிறுநீரகக் கட்டி’ என்று தெளிவாக எழுதுங்கள்.

10. முடிந்த பிறகு

ஊசியை எடுத்ததும் ஒரு ஸ்கேன். சிறுநீரகத்தைச் சுற்றி மெல்லிய ரத்தப் படலம் இருந்தால் அளவைக் குறித்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வளராமல் இருந்தால் போதும்.

4 முதல் 6 மணி நேரம் படுக்கையில் கவனிப்பு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் முதல் ஒரு மணிக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த மணியில் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை. முதலில் வரும் சிறுநீரைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இளைஞர்களில் ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், இடுப்பு வலி நேரம் செல்லச்செல்லக் கூடும். இந்த இரண்டும் சேர்ந்தால் வலி மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் ரத்தம் தயார்செய்து சிடி ஆஞ்சியோகிராம் எடுங்கள். கசியும் குழாயைக் கதீட்டர் வழியாக அடைப்பதே பெரும்பாலும் தீர்வு. மூச்சுத்திணறல் என்றால் மார்பு எக்ஸ்ரே.

வீட்டுக்குப் போகும்போது: ஒரு வாரம் பளு தூக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேலும் சிவப்புச் சிறுநீர், கட்டிகட்டியாக ரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பு, தலைசுற்றல், காய்ச்சல் – இவற்றில் எது வந்தாலும் திரும்பி வர வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திடீரென்று சிறுநீர் சிவந்தால் அதையும் லேசாக எடுக்கக் கூடாது. ஊசி பட்ட தமனியில் பொய் வீக்கம் உருவாகி வெடித்திருக்கலாம். இரத்தம் இளக்கும் மருந்தை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதை வாய்மொழியாகச் சொல்லாமல் தேதி போட்டு எழுதிக்கொடுங்கள்.

11. அறிக்கையைப் படித்தல்

நான்கு கூடைகளில் ஒன்றில் அறிக்கை விழும்.

புற்றுநோய் என்று வந்தால் நம்பலாம். தவறான நேர்மறை மிக அரிது. வகையும் பெரும்பாலும் சரியாக இருக்கும்: தெளிசெல், பாப்பிலரி, குரோமோஃபோப். ஆனால் தரத்தை அந்த அளவுக்கு நம்பாதீர்கள். ஒரே கட்டிக்குள் ஓரிடம் தரம் குறைந்தும் ஓரிடம் கூடியும் இருக்கும். ஊசி பட்ட இடம் மென்மையானதாக இருந்தால் தரம் குறைத்தே எழுதப்படும். ‘குறைந்த தரம்’ என்ற சொல்லை மட்டும் நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம். குரோமோஃபோப் வகைக்கு உட்கருத் தரமே எழுதுவதில்லை; அது அறிக்கையில் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

தீங்கற்றது என்று குறிப்பிட்ட பெயரோடு வந்தால், உதாரணமாக ஆஞ்சியோமையோலிப்போமா, அதற்குரிய சாயங்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்: எச்.எம்.பி.45, மெலன்-ஏ நேர்மறை. பாக்ஸ்8, கெரட்டின் எதிர்மறை.

மூன்றாவது கூடைதான் தலைவலி: ஆங்கோசைட்டிக் கட்டி. ஆங்கோசைட்டோமாவும் குரோமோஃபோப் புற்றும் ஊசித் துண்டில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் சி.டி.117 நேர்மறை. சி.கே.7 அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஆங்கோசைட்டோமா பக்கம். பரவலாக இருந்தால் குரோமோஃபோப் பக்கம். நடுவில் நின்றால் பேத்தாலஜி மருத்துவர் ‘ஆங்கோசைட்டிக் கட்டி, மேலும் பிரிக்க இயலவில்லை’ என்று எழுதுவார். அது நேர்மையான விடை. இதை வலிந்து ஒரு பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்காதீர்கள். செஸ்டமிபி ஸ்பெக்ட்-சிடி (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) வசதி இருந்தால் இங்கே உதவும். ஆங்கோசைட்டோமா அந்த மருந்தை உள்ளிழுத்துக்கொள்ளும், தெளிசெல் புற்று பெரும்பாலும் இழுக்காது.

நான்காவது, விடை இல்லை என்பது. ‘சாதாரணச் சிறுநீரகம்’, ‘நார்த்திசு’, ‘ரத்தம்’, ‘அழுகிய திசு’, ‘போதுமான திசு இல்லை’ – இந்தச் சொற்கள் எல்லாமே இந்தக் கூடைதான். இவற்றில் எதற்கும் ‘புற்றுநோய் இல்லை’ என்று பொருள் கிடையாது. ஸ்கேனில் கட்டி இருக்கிறது, துண்டில் கட்டி இல்லை என்றால் ஊசி சரியான இடத்தைத் தொடவில்லை. ‘புற்றுச் செல் காணப்படவில்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் கழித்து வருவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான விளைவு. ரத்தக்கசிவைக்கூட அடைத்துவிடலாம்.

12. விடை கிடைக்காதபோது

முதலில் சேமித்த படங்களைத் திறந்து முனை எங்கே இருந்தது என்று பாருங்கள். கட்டிக்கு வெளியே இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது; பாதையை மாற்றி மறுபடி எடுக்கலாம். முனை கட்டிக்குள்தான் இருந்தது, ஆனாலும் அழுகிய திசுவோ நாரோ வந்தது என்றால், அடுத்த முறை கான்ட்ராஸ்ட் நன்றாக ஏறும் ஓரத்தைக் குறிவையுங்கள். தேங்கிய ரத்தம் கரையச் சில வாரம் விட்டுச் செய்வது நல்லது. உடனே குத்தினால் கட்டி எது, ரத்தக்கட்டு எது என்று படத்தில் பிரிக்க முடியாது.

இரண்டாம் பயாப்ஸியைப் பலர் தோல்வியின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு நேராக அறுவைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியான தரவுகளில் இரண்டாம் முறை ஐந்தில் நான்கு பேருக்காவது விடை கிடைத்திருக்கிறது. செய்யத் தகுந்தது.

தீங்கற்றது என்று வந்தவரையும் படத்தில் தொடர வேண்டும். முதல் படம் 6 முதல் 12 மாதத்துக்குள். ஆனால் வளர்ச்சி என்ற ஒன்றை மட்டும் கண்டு பதற வேண்டாம், ஆங்கோசைட்டோமாவும் வளரும். ஆண்டுக்கு 5 மி.மீ.-க்கு மேல் வளர்ந்தாலோ, தோற்றம் மாறினாலோ, பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து பேத்தாலஜி மருத்துவரோடும் ரேடியாலஜி மருத்துவரோடும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். படமும் திசுவும் ஒத்துப்போகாத இடத்தில் மறுபடி ஊசி. அப்போது 1-ஆம் பகுதியில் எழுதிய அந்த இரண்டு வரிகளையும் புதிதாக எழுத வேண்டும், ஏனென்றால் நோயாளியின் வயதும் உடல்நிலையும் விருப்பமும் இதற்குள் மாறியிருக்கும்.